ஸ்டீல் கிட்டார் அழட்டும், விடுங்கள்! – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்க கன்ட்ரி இசை பற்றியவை. சாக் டாப், சார்லி கிராக்கெட் என்ற இன்றைய பாடகர்கள் பலருடைய ப்ளேலிஸ்ட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள் போலிருக்கிறது. சரி, மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும், இந்த இதழ் முழுக்க ஹாங்கி-டாங்க்தான்.

கேள்வி: கன்ட்ரி என்றாலே தொப்பி, குதிரை, கிட்டார் என்று எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இதில் ‘ஹாங்கி-டாங்க்’ என்று தனியாக ஒன்றைப் பிரிக்கிறார்களே, என்ன வித்தியாசம்?

குதிரை சினிமாவிலிருந்து வந்தது. ஹாங்கி-டாங்கில் குதிரைக்கு வேலையே இல்லை. அங்கே வந்தவர்கள் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவர்கள், லாரி ஓட்டியவர்கள். 1930-ல் கிழக்கு டெக்ஸாஸில் மிகப் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது, 1933-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிவுக்கு வந்தது, வீட்டை விட்டு வந்து கையில் கூலிப் பணத்தோடு பொழுது போகாமல் நின்ற ஆண்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், பீர் விற்கிற, ஆடுவதற்கு இடம் இருக்கிற கொட்டகைகள் முளைத்தன. அந்த இடத்துக்குப் பெயர் ஹாங்கி-டாங்க், அங்கே எடுபட்ட பாட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது அங்கே இருந்த இரைச்சலை. பழைய கிராமியப் பாட்டு வீட்டுத் திண்ணையிலும் தேவாலயத்திலும் பாடப்பட்டது, அதற்கு மெல்லிய குரலும் ஒரு கிட்டாரும் போதும். நூறு பேர் குடித்துவிட்டுப் பேசுகிற இடத்தில் அது எடுபடுமா? பாடகர் எர்னஸ்ட் டப் சொன்ன ஒரு கதை உண்டு. கூட்டம் சேர்ந்து சத்தம் கூடிவிட்டால் உங்கள் ரெக்கார்டு யார் காதிலும் விழுவதில்லை என்று, காசு போட்டால் ரெக்கார்டு பாடுகிற ஜூக்பாக்ஸ் பெட்டிகளை நடத்துகிற ஒருவர் அவரிடம் புகார் சொன்னாராம். அப்புறம் 1941-ல் மின்சார கிட்டாரை வைத்து அவர் பதிவு செய்த ‘வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ’ பெரிய ஹிட். தாளம் கனத்தது, கிட்டார் கூர்மையானது, வரிகள் சுருக்கமாயின, அம்மாவையும் பிறந்த வீட்டையும் பாடிய இடத்தில் விவாகரத்தும் கள்ள உறவும் வந்து உட்கார்ந்தன. ஆக, ஹாங்கி-டாங்க் என்பது ஆட்டக் கொட்டகையில் வேலை செய்வதற்காகவே உருவான இசை. ஒரு பாட்டு அந்த வகையா இல்லையா என்று சந்தேகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது, ஜோடியாக டூ-ஸ்டெப் ஆடுகிறவர்களுக்கு இதில் கால் வருமா என்பதைத்தான். வராவிட்டால் எவ்வளவு நல்ல பாட்டானாலும் அது வேறு ஏதோ ஒன்று.

கேள்வி: சாக் டாப்பின் ‘கோல்டு பியர் அண்ட் கன்ட்ரி மியூசிக்’ ஆல்பத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நண்பர் ஒருவர், ‘இது அப்படியே 1990களின் ஆலன் ஜாக்சன், ஒரிஜினல் இருக்கும்போது ஜெராக்ஸ் எதற்கு?’ என்று கிண்டல் செய்கிறார். நான் நகலைத்தான் ரசிக்கிறேனா?

உங்கள் நண்பருக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது. 2024-ல் வந்த அந்த ஆல்பத்தில் ஆலன் ஜாக்சன் சாயல் இருக்கிறது, 1980களின் பாடகர் கீத் விட்லி சாயலும் இருக்கிறது. ஆனால் உங்கள் நண்பர் ஒரு படியோடு நின்றுவிட்டார். இன்னும் பின்னால் போகச் சொல்லுங்கள். ஆலன் ஜாக்சனிடம் ஜார்ஜ் ஜோன்ஸும் மெர்ல் ஹாகர்டும் இருக்கிறார்கள். ஹாகர்ட் இளைஞனாக இருந்தபோது லெஃப்டி ஃப்ரிஸெலைப் போலவே பாடிக் காட்டியவர், ஓர் உயிரெழுத்தை இழுத்து, வளைத்து, நாலு ஸ்வரத்துக்கு ஊர்வலம் விட்டு இறக்குகிற அந்தப் பாணி ஃப்ரிஸெலிடமிருந்து வந்தது. ஃப்ரிஸெலோ ஜிம்மி ராட்ஜர்ஸின் ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். இதில் எந்த இடத்தில் நின்று ‘இதோ ஒரிஜினல்’ என்று கோடு போடப் போகிறார் உங்கள் நண்பர்?

சரி, ஹாங்க் வில்லியம்ஸையே எடுத்துக்கொள்வோம், அவரைத்தான் இந்த வகையின் உச்சம் என்று எல்லோரும் சொல்கிறோம். அவரை நாடு முழுக்கக் கொண்டு போனது 1949-ல் வந்த ‘லவ்சிக் ப்ளூஸ்’. அந்த வருடம் ஜூன் மாதம் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில், கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற புகழ்பெற்ற வானொலிக் கச்சேரி மேடையில் முதல்முறையாக ஏறி அதைப் பாடியபோது கூட்டம் அவரை இறங்கவிடாமல் திரும்பத் திரும்பப் பாட வைத்தது. அந்தப் பாட்டை அவர் எழுதவில்லை. அது 1922-ல் நியூயார்க் மேடை நாடக வட்டாரத்தில் எழுதப்பட்ட பாட்டு, 1920களிலேயே எம்மெட் மில்லர் பாடிப் பதிவு செய்துவிட்டார். கால் நூற்றாண்டு பழைய சரக்கைத் தூசு தட்டி, தன் உடைகிற குரலையும் ஸ்டீல் கிட்டாரையும் சேர்த்துப் புதுசாக்கினார் ஹாங்க், அவ்வளவுதான். சாக் டாப் 1990களுக்குப் போவதும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், கொஞ்சம் கூடுதல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இன்னொரு விஷயம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பழைய காலத்தை நடித்துக் காட்டுவதாகத் தெரிகிறது, ஆனால் ஸ்டுடியோவுக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சாக் டாப்பின் அந்த ஆல்பத்தைத் தயாரித்த கார்சன் சேம்பர்லைன், கீத் விட்லியின் குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர். ஸ்டர்ஜில் சிம்ப்ஸனின் முதல் ஆல்பமான ‘ஹை டாப் மவுண்டன்’ 2013-ல் வந்தபோது அதில் பியானோ வாசித்தவர் ஹார்கஸ் ‘பிக்’ ராபின்ஸ். பார்வையற்ற மேதை. 1959-ல் ஜார்ஜ் ஜோன்ஸின் ‘ஒயிட் லைட்னிங்’ பாட்டில் பியானோவைப் போட்டு உடைத்தாரே, அதே விரல்கள்தான் 54 வருடம் கழித்து சிம்ப்ஸனுக்கும் வாசித்தன. இதை ஜெராக்ஸ் என்று எப்படிச் சொல்வது?

அதற்காகப் பழசு மாதிரி ஒலிக்கிற எல்லாவற்றையும் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வெறும் நகல்களும் நிறைய வருகின்றன, அவற்றைக் கண்டுபிடிப்பதும் எளிது. வரிக்கு வரி ஹாங்க் பெயரும், இன்னொரு பழைய பாடகரான வேலன் ஜென்னிங்ஸ் பெயரும் வந்தால் உஷாராகிவிடுங்கள். தான் எவ்வளவு பெரிய கன்ட்ரிக்காரன் என்பதைப் பற்றியே ஒருவர் பாட்டெழுதினால் அவரிடம் சொல்வதற்கு வேறு கதை இல்லை என்று அர்த்தம். ஹாங்க் தன் பாட்டில் தன் பூட்ஸைப் பற்றியா பாடிக்கொண்டிருந்தார்? வீட்டுக்குத் தாமதமாக வந்தவனை மனைவி வெளியே நிறுத்திவிட்டாள், அவன் நாயோடு போய்ப் படுத்துக்கொள்கிறான், இந்த மாதிரி ஒரு சம்பவம், ஓர் ஆள், ஓர் இரவு. அடுத்த அறிகுறி, எதிரொலியை அள்ளிக் கொட்டி எல்லாவற்றையும் கனவு மாதிரி மங்கலாக்குவது. கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஒரு குரல், தூரத்தில் எங்கோ ஸ்டீல் கிட்டார், தாளம் தூங்கி வழியும். கேட்க ரம்மியமாக இருக்கும், ஆனால் அந்தப் பழைய ரெக்கார்டுகள் ஒன்றுகூட அப்படி ஒலிக்கவில்லையே! அவை வறண்டவை, கூரானவை, குரல் நேராக முகத்துக்கு முன்னால் நிற்கும். பழைய புகைப்படம் மங்கியிருப்பதால் அந்தக் காலத்து மனிதர்களே மங்கலாக இருந்தார்கள் என்று நினைப்பதுபோல இருக்கிறது இந்தப் பாணி.

சாக் டாப்பிடம் இந்த இரண்டு வியாதியும் அதிகம் இல்லை. அவர் கன்ட்ரியின் வேகமான கிளையான ப்ளூகிராஸ் வாசித்து வளர்ந்தவர், கிட்டாரைச் சும்மா மாட்டிக்கொண்டு நிற்பதில்லை, குரல் இசைக்குச் சரியான இடத்தில் வந்து விழுகிறது. பாடல் வரிகளில்தான் எனக்குக் கொஞ்சம் மனக்குறை, ஒன்றிரண்டு பாட்டில் பீர் பாட்டிலைத் தவிர வேறு பாத்திரமே இல்லை. போகட்டும். நீங்கள் தைரியமாகக் கேளுங்கள்.

கேள்வி: இந்தப் பாட்டுகளில் பின்னணியில் ஒரு வாத்தியம் வழுக்கி வழுக்கி அழுகிறதே, அது என்ன? வயலினா?

வயலினும் இருக்கிறது, அங்கே அதை ஃபிடில் என்பார்கள். நீங்கள் கேட்பது பெடல் ஸ்டீல் கிட்டார். மேஜை மாதிரி கிடக்கும், வாசிப்பவர் அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வார். நாஷ்வில் பாணியில் பத்துத் தந்திகள். இடது கையில் ஒரு இரும்புத் தண்டு தந்திகளின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும், வலது கை விரல்களில் மாட்டிய பிக்குகளால் மீட்டுவார்கள், இடது கால் பெடல்களை மிதிக்கும், முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டு நெம்புகோல்களைத் தள்ளும், வலது கால் வால்யூம் பெடலில் இருக்கும். உடம்பில் சும்மா இருக்கிற உறுப்பு தலை மட்டும்தான்! பெடலை மிதித்தால் ஒலித்துக்கொண்டிருக்கும் தந்திகளில் ஒன்றிரண்டு மட்டும் இழுபட்டு மேலே ஏறும், மற்றவை நின்ற இடத்தில் நிற்கும். நம் கமகம் ஒரே ஸ்வரத்தை அசைக்கிறது, இங்கே ஒரு ஸ்வரக் கூட்டத்துக்குள்ளேயே ஒன்று மட்டும் நகர்ந்து கூட்டத்தின் முகத்தையே மாற்றிவிடுகிறது. அந்த அழுகையின் ரகசியம் அதுதான்.

இது பாரம்பரியத்தின் அடையாளம் என்று இன்று எல்லோரும் கும்பிடுகிறார்களே, ஹாங்க் வில்லியம்ஸின் ரெக்கார்டுகளில் பெடல் கிடையாது. அவருடைய ஸ்டீல் கலைஞர் டான் ஹெல்ம்ஸ் வாசித்தது பெடல் இல்லாத ஸ்டீல். தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து இழுக்கிற வித்தையை ஊருக்கே காட்டியது வெப் பியர்ஸின் 1954 ஹிட்டான ‘ஸ்லோலி’, வாசித்தவர் பட் ஐசக்ஸ். அந்த ஒலி என்ன, எப்படி வருகிறது என்று தெரியாமல் மற்ற ஸ்டீல் கலைஞர்கள் தங்கள் வாத்தியத்தைத் தாங்களே குடைந்து பெடல் பொருத்த ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அது அப்பட்டமான புதுமை.

நல்ல ஸ்டீல் வாசிப்பை எப்படி அடையாளம் காண்பது என்றும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிற இடைவெளியில் அது பதில் சொல்லும், அவர் பாடும்போது வாயை மூடிக்கொள்ளும். பாட்டு முழுக்கப் பின்னால் கோந்து மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்தது.

கேள்வி: எல்லாப் பாட்டிலும் குடி, பிரிவு, அழுகை. சலிக்காதா?

வரிகளை மட்டும் படித்தால் சலிக்கும். ஆனால் அழுகிற பாட்டுக்குத்தான் அங்கே ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். ரே ப்ரைஸின் ‘கிரேஸி ஆர்ம்ஸ்’ ஒரு மனம் உடைந்தவனின் புலம்பல், தாளமோ உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். 1956-ல் 20 வாரம் முதலிடத்தில் இருந்தது. சோகமும் துள்ளலும் ஒரே பாட்டுக்குள் முட்டிக்கொண்டு நிற்பதுதான் இதில் ருசி. நக்கலும் உண்டு. இந்த உலகத்திலிருந்து நான் உயிரோடு தப்பப்போவதில்லை என்று வேடிக்கையாக ஒரு பாட்டுப் பாடி 1952 கடைசியில் வெளியிட்டார் ஹாங்க். 1953 ஜனவரி 1, கச்சேரிக்குப் போகிற வழியில் காரின் பின்சீட்டிலேயே இறந்துபோனார், வயது 29. பாட்டு அந்த மாதமே முதலிடத்துக்குப் போனது. குடியைக் கொண்டாடுகிற இசை இது என்று நினைப்பவர்கள் அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் படித்துப் பார்க்கட்டும். இன்றைய பாடகர்கள் பலரிடம் நான் தேடிக் கிடைக்காமல் போவதும் இந்த நக்கல்தான், ரொம்ப சீரியஸாக அழுகிறார்கள்.

கேள்வி: இது முழுக்க ஆண்களின் இசையா? பெண்களுக்கு இதில் இடமே இல்லையா?

இடம் யாரும் கொடுக்கவில்லை, அவர்களாக எடுத்துக்கொண்டார்கள். 1952-ல் ஹாங்க் தாம்ப்ஸன் ஒரு பாட்டுப் பாடினார், குடும்பத்தை விட்டுக் கொட்டகையே கதி என்று போய்விட்ட பெண்ணைக் குறை சொல்கிற பாட்டு. அதே மெட்டில் கிட்டி வெல்ஸ் பதில் சொன்னார், அந்தப் பெண்களை அப்படி ஆக்கியது கடவுள் இல்லை, கல்யாணமாகியும் தனியாள் மாதிரி திரிகிற ஆண்கள்தான் என்று. சில வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன. பாட்டோ முதலிடத்துக்குப் போனது, பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த முதல் பெண் அவர்தான். அந்த ரெக்கார்டிங்குக்கு அவர் ஒத்துக்கொண்டதே கைக்கு வரும் 125 டாலருக்காகத்தான் என்பதும் எனக்குப் பிடித்த தகவல். (மெட்டும் இருவருடையதும் இல்லை, அதற்கும் முன்னால் பல பாட்டுகளில் புழங்கிய மெட்டு. நகல் பற்றிக் கேட்ட நண்பரிடம் இதையும் சொல்லலாம்.)

1960-ல் லொரெட்டா லின் தன் முதல் பாட்டை எடுத்துக்கொண்டு கணவரோடு காரில் வானொலி நிலையம் நிலையமாக ஏறி இறங்கினார். 44 வருடம் கழித்து ராக் இசைக்காரரான ஜாக் ஒயிட் தயாரிப்பில் ‘வான் லியர் ரோஸ்’ என்று ஓர் ஆல்பம் போட்டார், அதற்கு கிராமி விருது கிடைத்தது. அதே ஜாக் ஒயிட்டின் தர்டு மேன் நிறுவனம்தான் 2016-ல் மார்கோ ப்ரைஸின் ‘மிட்வெஸ்ட் ஃபார்மர்ஸ் டாட்டர்’ ஆல்பத்தை வெளியிட்டது. நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்கப்போகிறீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். மெம்ஃபிஸின் சன் ஸ்டுடியோவில் பதிவானது, செலவுக்குக் காரை விற்று, கல்யாண மோதிரத்தை அடகு வைத்தார்கள். முதல் பாட்டே தன் அப்பா நிலத்தை இழந்தது, தன் குழந்தை இறந்தது என்று ஆறு நிமிடம் போகிறது, கூச்சலே இல்லை. அப்புறம் வாரக் கடைசியை ஜெயிலில் கழித்த கதையைச் சிரிக்கச் சிரிக்கப் பாடுகிறார். பழைய வடிவத்துக்குள் தன் சொந்தக் கணக்குவழக்கைக் கொண்டு வந்து வைத்திருக்கிறார். நவீன ஹாங்கி-டாங்க் என்று நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி: குரலின் சுருதியைத் திருத்துகிற ஆட்டோட்யூன், டிரம் மெஷின் எல்லாம் கலந்த பிறகு ‘பாரம்பரிய கன்ட்ரி’ என்று சொல்வது ஏமாற்று வேலை இல்லையா? கிராமியிலும் இப்போது பாரம்பரிய கன்ட்ரி ஆல்பத்துக்குத் தனி விருதாமே?

ஆமாம், 2026 விழாவிலிருந்து கன்ட்ரி ஆல்பம் விருதை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், பாரம்பரியம் ஒன்று, சமகாலம் ஒன்று. எனக்கு இதில் அரை மனதுதான். கவனம் கிடைப்பது நல்லது, ஆனால் தனிப் பெட்டியில் போட்டால் மியூசியம் வாசனை வந்துவிடும்.

இயந்திரத்தைப் பற்றிய பயம் ரொம்பப் பழசு. கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் பல வருடங்கள் டிரம்ஸையே விடவில்லை தெரியுமா? 2000-ல் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டும் ஆலன் ஜாக்சனும் சேர்ந்து, நாஷ்வில்லில் கன்ட்ரியைக் கொலை செய்துவிட்டார்கள், டிரம்ஸிலும் ராக் கிட்டாரிலும் ஸ்டீல் காணாமல் போய்விட்டது என்று பாடினார்கள், விருதும் வாங்கினார்கள். 1950களின் கடைசியில் நாஷ்வில் தயாரிப்பாளர்கள் செட் ஆட்கின்ஸும் ஓவன் பிராட்லியும் ஃபிடிலையும் ஸ்டீலையும் ஓரம் கட்டி வயலின் கூட்டத்தையும் கோரஸையும் கொண்டு வந்தபோதும் இதே ஒப்பாரிதான். அதற்கு எதிர்வினையாகக் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பக் ஓவன்ஸ் டெலிகாஸ்டர் கிட்டாரைக் கீச்சென்று ஒலிக்கவிட்டார். 1980களின் முதல் பாதியில் டுவைட் யோக்கம் அதே ஒலியை லாஸ் ஏஞ்சலிஸ் பங்க் ராக் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தார், நாஷ்வில் அவரை ஏற்கெனவே கைவிரித்திருந்தது. 1988-ல் அவர் ஓய்ந்துபோயிருந்த பக் ஓவன்ஸையே கூட்டிக்கொண்டு வந்து ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் பேக்கர்ஸ்ஃபீல்ட்’ பாடி முதலிடத்தில் உட்கார வைத்தார். மினுமினுப்பு கூடும்போதெல்லாம் யாரோ ஒருவர் கொட்டகைக்குத் திரும்புகிறார். 2010களில் பிக்கப் டிரக்கும் ராப் தாளமுமாக வந்த ‘ப்ரோ-கன்ட்ரி’ இல்லாவிட்டால் சாக் டாப்புக்கு இவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்குமா என்பதே சந்தேகம்.

டிரம் மெஷினுக்கு என் எதிர்ப்பு கொள்கை சார்ந்தது இல்லை. ஷஃபிள் தாளத்தில் ஓர் ஊசலாட்டம் இருக்கிறது, டிரம்ஸ்காரரும் பாஸ்காரரும் ஒருவரையொருவர் மயிரிழை தள்ளி நின்று தள்ளிவிட்டுக்கொள்கிற விஷயம், இயந்திரம் அதை இன்னும் சரியாகச் செய்து நான் கேட்கவில்லை. ஆட்டோட்யூன் விஷயத்தில் மட்டும் கறார். ஸ்வரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறுவதுதான் இந்தப் பாட்டு, அந்த வழுக்கலையே நேராக்கிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

கேள்வி: பாடகருக்குத் தொப்பி அவசியமா?

எர்னஸ்ட் டப் போட்டார். ஜார்ஜ் ஜோன்ஸ் தலைவாரிக்கொண்டு வந்தார். பாட்டைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கே தொடங்குவது? எந்த வரிசையில் கேட்டால் புதியவர்களின் அருமை தெரியும்?

பலர் பழசிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள், நான் தலைகீழாகச் சொல்வேன். 1949 ரெக்கார்டை எடுத்தவுடன் கேட்டால் கரகரப்பும் மூக்குக் குரலும்தான் காதில் படும். சாக் டாப்பில் தொடங்குங்கள், ஏற்கெனவே பழகிய சுத்தமான ஒலி. அப்புறம் சார்லி கிராக்கெட்டின் ‘த மேன் ஃப்ரம் வேக்கோ’, 2022. அவர் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களிலும் நியூயார்க் சுரங்க ரயில்களிலும் பாடிப் பிழைத்தவர், குரலில் கறுப்பினத்தவரின் ப்ளூஸ், சோல் இசைகள் கலந்திருக்கும். அது தற்செயல் இல்லை, ஹாங்க் வில்லியம்ஸுக்கே அலபாமாவில் பாடம் சொல்லிக் கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப் பாடகர். அடுத்து ஜாஷுவா ஹெட்லியின் ‘மிஸ்டர் ஜூக்பாக்ஸ்’, 2018. நாஷ்வில் பிராட்வேயில் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டு என்ற பாரில் மற்றவர்கள் பாட்டை வாசித்துத் தேர்ந்த ஆள், நான் மேலே சொன்ன அந்த வயலின் கூட்டத்தையும் கோரஸையும் வைத்தே அழகாகச் செய்திருக்கிறார், கேட்டால் எனக்கே வாயடைத்துவிடுகிறது.

அங்கிருந்து பின்னால் போங்கள். யோக்கமின் 1986 ஆல்பம், கேரி ஸ்டூவர்ட்டின் ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ 1975 (அந்த நடுங்கும் குரலை ஒருமுறை கேட்டால் விடாது), பக் ஓவன்ஸ், ரே ப்ரைஸ், லெஃப்டி ஃப்ரிஸெல், கடைசியாக ஹாங்க். ஒரு பாட்டை இரண்டு முறை கேளுங்கள், முதல் முறை குரலை மட்டும், அடுத்த முறை குரலை விட்டுவிட்டு ஸ்டீலும் பாஸும் என்ன செய்கின்றன என்று. பாட்டுகளை வரிசை மாற்றிக் கலைத்துப் போடுகிற ஷஃபிள் தேர்வில் கேட்காதீர்கள். செல்போனின் சின்ன ஸ்பீக்கரும் வேண்டாம், அதில் பாஸ் காணாமல் போய்விடும், பாஸ் இல்லாமல் இந்தப் பாட்டுக்குக் கால் வராது.